கூடுதல் தோட்டா பிடிக்கும் மாகசின்: சுட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும், ஆனால் எப்படிச் சுடுவது?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டெக்ஸஸில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது, வீட்டுப் பாதுகாப்புக்காக க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதோடு வந்த மாகசின், அதாவது தோட்டாக்களை நிரப்பித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் பெட்டி, 15 தோட்டா பிடிக்கும். வேறொரு கம்பெனி தயாரித்த, 20 தோட்டா பிடிக்கும் நீளமான மாகசின் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கி, சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் 60 தோட்டா சுட்டதில் மூன்று முறை தடங்கல். இரண்டு முறை தோட்டா மேலே ஏறாமல் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. ஒரு முறை கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டது. ‘புதுசு, 200 தோட்டா ஓடினால் பழகிவிடும்’ என்கிறார் நண்பர். ‘உங்கள் பிடி சரியில்லை’ என்கிறார் கடைக்காரர். எத்தனை தோட்டா சுட்டுப் பார்த்தால் இதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, எச்-1பி விசாவில் இருக்கும் அறை நண்பரையும் அழைத்துப் போய் அவர் கையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, கோளாறு மாகசினிலா, துப்பாக்கியிலா, தோட்டாவிலா, கையிலா என்பது. அதைப் பிரிக்காமல் 500 தோட்டா சுட்டாலும் காசுதான் போகும். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வேலையில் பல வருடம் ஸ்பிரிங்குகளோடுதான் மல்லுக்கட்டினேன். வார இறுதிகளில் 11 வருடமாக ஒரு கிளப் ரேஞ்சில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். மற்றவர்களின் துப்பாக்கி சிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்தான் என்னுடையது. துப்பாக்கி பழுது பார்ப்பவன் இல்லை. உங்கள் மாகசினைக் கையில் வாங்கிப் பார்க்கவும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1994-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் தடை, 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் புது மாகசின்களைப் பொதுமக்கள் வாங்க முடியாமல் செய்தது. 2004 செப்டம்பரில் அது காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. டெக்ஸஸில் வரம்பு எதுவும் இல்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் 10. கொலராடோவில் 15. அதாவது டல்லாஸிலிருந்து டென்வருக்குக் காரில் சுற்றுலா போகும்போது இந்த 20 தோட்டா மாகசின் பையில் இருந்தால், கொலராடோ எல்லையைத் தாண்டியதுமே சிக்கல். வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும்: ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது. மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். மறதி என்று நிரூபிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

அறை நண்பர் விஷயத்தில் தயங்காமல் சொல்கிறேன்: வேண்டாம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சில் ஐந்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ என்ற கணக்கில் வரலாம். எச்-1பியில் இருப்பவருக்கு இதனால் வரும் இழப்பு, மாகசின் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளும் லாபத்தைவிடப் பல மடங்கு பெரியது. அவருக்கு ஆர்வம் இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசட்டும்.

சரி, மாகசினுக்கு வருவோம். பார்க்க வெறும் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு நீள ஸ்பிரிங், அதன் மேல் தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோயர், கீழே மூடியான பேஸ் பிளேட், மேலே தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மடிந்த இரண்டு விளிம்புகள். இந்த விளிம்புகளைத்தான் ஃபீட் லிப் என்பார்கள். வேலை எளிது, ஆனால் நேரம் மிகக் குறைவு. சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய், வெற்று கூட்டை வெளியே தள்ளிவிட்டு, கண் இமைக்கும் நேரத்துக்குள் முன்னால் திரும்பி வந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் ஸ்பிரிங் மீதி எல்லாத் தோட்டாக்களையும் ஒரு படி மேலே தூக்கி, அடுத்த தோட்டாவைச் சரியான கோணத்தில் நிறுத்தியாக வேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஸ்லைடு தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் நடுவில் முட்டும், அல்லது மூக்கு கீழே சாய்ந்தபடியே தள்ளிக்கொண்டு போய்க் குத்த வைக்கும்.

ஒரு 9 எம்எம் தோட்டா ஏறக்குறைய 12 கிராம். 15 தோட்டா என்றால் 180 கிராம். 20 என்றால் 240. அதே சின்ன ஸ்லைடு, அதே வேகம், ஆனால் ஸ்பிரிங் தூக்க வேண்டிய சுமை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுமையைச் சமாளிக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், முழுதாக நிரப்பும்போது மேல் தோட்டா ஸ்லைடின் அடிப்பக்கத்தை அழுத்தமாக உரசி அதன் வேகத்தைக் குறைக்கும். தளர்வாக்கினால், கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களை விரட்டித் தூக்கப் பலம் இருக்காது. ஏனென்றால் மாகசின் காலியாகக் காலியாக ஸ்பிரிங் நீண்டு, அதன் தள்ளுவிசை குறைந்துகொண்டே வரும். துப்பாக்கி கம்பெனிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பிடிக்க வருடக்கணக்கில் உழைத்திருக்கும். கூடுதல் தோட்டா என்று வாக்குக் கொடுக்கும் மற்றவர்கள் அந்தப் புள்ளியை எங்கோ நகர்த்தியாக வேண்டும்.

ஆகவே மாகசினின் கோளாறு பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் தலைகாட்டும். முழுதாக நிரம்பியிருக்கும்போது வரும் முதல் இரண்டு மூன்று தோட்டாக்கள். காலியாகும்போது வரும் கடைசி இரண்டு மூன்று. நடுவில் இருக்கும் பத்துப் பதினான்கு தோட்டாக்கள் மோசமான மாகசினில்கூட ஒழுங்காக ஓடிவிடும். நீங்கள் சுட்ட 60 தோட்டா என்பது மூன்று முழு மாகசின். அதாவது முனைகளை மூன்று தடவைதான் சோதித்திருக்கிறீர்கள். மூன்றில் ஒரு தடவை ஸ்லைடு நிற்கவில்லை என்றால், அதை 60-இல் ஒன்று என்று எண்ணக் கூடாது, மூன்றில் ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது இதுதான்.

கணக்கை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஒரு மாகசின் 20 தடவைக்கு ஒரு தடவை கடைசியில் ஸ்லைடை நிறுத்தத் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘200 தோட்டா சுடு, தடங்கல் இல்லையென்றால் நம்பு’ என்ற வழக்கமான அறிவுரைப்படி நீங்கள் 10 முழு மாகசின் சுடுகிறீர்கள். அந்தக் கோளாறுள்ள மாகசின் பத்துத் தடவையும் தப்பித்து, பரீட்சையில் தேறிவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மோசம். அதே கோளாற்றை 60 தடவை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 60 முழு மாகசினுக்கு 1,200 தோட்டா வேண்டும், யாராலும் முடியாது. ஆனால் இரண்டே இரண்டு தோட்டா போட்டு, சுட்டு, ஸ்லைடு நிற்கிறதா என்று 60 தடவை பார்க்க 120 தோட்டா போதும். தோட்டாவை முனைகளில் செலவழியுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

ரேஞ்சுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பாதி வேலையை முடிக்கலாம். உயிர்த் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, மாகசினைக் கழற்றி, அதன் பிறகு ஸ்லைடை இழுத்து, சுடுவதற்கான தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மாகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கும் தவறு, அனுபவமுள்ளவர்களிடமும் நடக்கிறது. சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருந்தால், மாகசின் இல்லாவிட்டாலும் க்ளாக் சுடும்.

இப்போது மாகசினை வெளிச்சத்தில் பிடித்து மேல் விளிம்புகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே வளைவில் இருக்க வேண்டும். நகத்தை விளிம்பின் உள்பக்கமாக ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் நகத்தில் மாட்டும். பிறகு ஒரு பென்சிலால் ஃபாலோயரைக் கீழே வரை மெதுவாக அழுத்தி, மெதுவாகவே மேலே விடுங்கள். நல்ல மாகசினில் அது ஒரே சீராக ஏறி வரும். மோசமானதில் ஓரிடத்தில் தயங்கி, சட்டென்று குதிக்கும். அந்தக் குதிப்பு பென்சில் வழியாக விரலுக்கே தெரியும். நீளமாக்குவதற்காகக் கீழே ஒரு துண்டைச் சேர்த்து ஒட்டுப்போட்ட வகை என்றால், இணைப்பு வரும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தத் தயக்கம் இருக்கும். ஃபாலோயரின் முன்பக்கத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள். லேசாகச் சாயலாம், மூக்கு அடியோடு கவிழ்ந்தால், தோட்டாவும் அப்படித்தான் கவிழும். நீங்கள் சொன்ன ‘மூக்கைக் குத்தி நிற்கிறது’ என்பதற்கு இது ஒரு சாத்தியமான காரணம்.

அடுத்து, காலி மாகசினைப் போட்டு ஸ்லைடை முழுதாக இழுத்து விடுங்கள். பின்னால் பூட்டிக்கொள்ள வேண்டும். இதை 20 தடவை செய்யுங்கள், காசு செலவில்லை. இதில் ஒரு தடவை தவறினாலும் அந்த மாகசினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தவறவில்லை என்பதற்காகத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கையால் இழுக்கும் வேகம் வேறு, சுடும்போது ஸ்லைடு போகும் வேகம் வேறு. காலி மாகசின் பொத்தானை அழுத்தியதும் தானாகக் கீழே விழுகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் இடது கைக்காரர் என்றால், நான்காம், ஐந்தாம் தலைமுறை க்ளாக்கில் பொத்தானை மறுபக்கம் மாற்றியிருப்பீர்கள். அந்தப் பக்கத்துக்கான வெட்டு மாகசினில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தலைமுறைக்கு மட்டும் செய்த மாகசினில் அது இருக்காது. உள்ளே எண்ணெய் போடாதீர்கள். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரையும் கெடுக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ரேஞ்சில் முதல் வேலை, புது மாகசினைத் தொடாமல், துப்பாக்கியோடு வந்த க்ளாக் கம்பெனி மாகசினில் அதே தோட்டாவை 50 சுடுவது. துப்பாக்கியும் தோட்டாவும் உங்கள் கையும் சேர்ந்து சரியாக ஓடுகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். கம்பெனி மாகசினிலும் சிக்கினால், புது மாகசினைக் குறை சொல்ல இடமில்லை. கடைக்காரர் சொன்னதை நான் ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். எடை குறைந்த பிளாஸ்டிக் உடல் துப்பாக்கிகளில் மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழு வீச்சில் பின்னால் போகாது, சிக்கும். கட்டை விரல் ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோல் மேல் படிந்திருந்தால், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு நிற்காது. மாகசின் மேல் பழி விழும். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து உங்கள் கட்டை விரலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ‘ஸ்லைடு நிற்கவில்லை’ புகார்களில் பல, விரலை அரை அங்குலம் கீழே இறக்கியதும் தீர்ந்திருக்கின்றன. நீள மாகசினில் இன்னொரு பழக்கமும் வம்பு செய்யும்: துருத்திக்கொண்டிருக்கும் அடிப்பகுதியை மேசையில் ஊன்றிச் சுடுவது, அல்லது சுண்டு விரலால் அதை மேலே இறுக்கிப் பிடிப்பது. மாகசின் தன் இடத்திலிருந்து மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்து, தோட்டா வரும் கோணம் மாறிவிடும்.

கையா, மாகசினா என்று பிரிக்க எளிய வழி, இரண்டு மாகசினையும் மாற்றி மாற்றிச் சுடுவது. ஒன்றில் 5, அடுத்ததில் 5. தடங்கல் எல்லாம் ஒரே மாகசினில் குவிகிறதா என்று பாருங்கள். ஆனால் மூன்று தடங்கலை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். இரண்டு மாகசினும் ஒரே தரம் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று தடங்கலும் தற்செயலாகப் புது மாகசின் பக்கமே விழ எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து ஆறு சேர்ந்தால் பேசலாம்.

இனி முனைகள். கீழ் முனைக்கு முன்பே சொன்னதுதான்: இரண்டு தோட்டா, சுடு, ஸ்லைடு நின்றதா, குறித்துக்கொள். மேல் முனைக்கு: 20-ஐயும் நிரப்புங்கள். கடைசி ஒன்றைப் போட்டதும் மேல் தோட்டாவைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஓர் அரிசியின் தடிமனாவது உள்ளே போக வேண்டும். கல்லு மாதிரி நின்றால் அந்த மாகசினின் உண்மையான கொள்ளளவு 19-தான், விளம்பரம் என்ன சொன்னாலும். ஸ்லைடை மூடி வைத்தபடி முழு மாகசினை உள்ளே தள்ளுங்கள். டக்கென்று பூட்டிக்கொள்கிறதா, இல்லை ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறதா? ஓங்கி அடித்தால்தான் உட்காரும் மாகசின், அவசரத்தில் பாதியில் தொங்கி, முதல் குண்டுக்குப் பிறகு காலடியில் விழும். உட்கார்ந்ததும் ஸ்லைடை இழுத்து விட்டு, மூன்று சுட்டு, மாகசினைக் கழற்றி, சேம்பரில் ஏறியிருப்பதை வெளியே எடுத்து, மறுபடி 20 ஆக நிரப்பி, திரும்பச் செய்யுங்கள். 20 தடவைக்கு 60 தோட்டா ஆகும். வெளியே எடுத்த தோட்டாவை அடுத்தடுத்துச் சேம்பரில் ஏற்றாமல் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரே தோட்டா திரும்பத் திரும்பச் சேம்பரில் இடிபட்டால், ஈயக் குண்டு கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஏறிவிடும். அந்த டப்பாவில் உள்ளதைக் கடைசியில், நீளம் குறையவில்லை என்று புதுத் தோட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சுடலாம்.

அப்புறம் ஐந்து முழு மாகசின், நிறுத்தாமல், கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் நிதானமாகவும். 100 தோட்டா. முனைகளுக்கான 120, 60 இரண்டையும் சேர்த்துப் புது மாகசினுக்கு 280. பயிற்சித் தோட்டா ஏறக்குறைய கால் டாலர் என்றால் 70 டாலர். சுடும்போது வழக்கத்தைவிட மந்தமாக ‘பொப்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அப்படியே நிறுத்துங்கள்; குண்டு குழாயில் மாட்டியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து பிறகு எடுங்கள். மாகசின் சோதனையில் மனம் எண்ணிக்கையில் போய்விடும், அதனால்தான் இதைத் திரும்பச் சொல்கிறேன்.

நண்பர் சொன்ன ‘பழகிவிடும்’ விஷயத்தில் பாதி உண்மை, பாதி நம்பிக்கை. புது ஸ்பிரிங்கை முதன்முதலில் முழுதாக அமுக்கினால் அது ஒரு சிறு அளவு சுருங்கி நிலைகொள்ளும், இது உறுதி. அதனால் முழுதாக நிரப்பும்போது வரும் அதிக விறைப்பு கொஞ்சம் தளரலாம். ஃபாலோயரின் சின்னப் பிசிறுகள் உரசி மழுங்கலாம். ஆகவே உங்கள் இரண்டு மூக்குக் குத்தலும் முதல் சில தோட்டாக்களில் வந்திருந்தால், ஒரு வாரம் நிரப்பி வைத்துவிட்டு மறுபடி சோதிப்பது நியாயம். ஆனால் கடைசித் தோட்டாக்களில் வரும் கோளாறு அப்படிச் சரியாகாது. புதுசிலேயே கடைசித் தோட்டாவை விரட்டித் தூக்கத் திணறும் ஸ்பிரிங்குக்கு, உழைக்க உழைக்கப் பலம் குறையுமே தவிரக் கூடாது. அங்கே உரசல் காரணமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. பென்சில் சோதனையில் அது தெரிந்துவிடும். நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடுமா என்ற பழைய சண்டையில், நல்ல எஃகில் தாங்கும் எல்லைக்குள் அமுக்கப்பட்ட ஸ்பிரிங் சும்மா இருப்பதால் பெரிதாகக் கெடாது, அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்துதான் தேயும் என்பது பொறியியல். கூடுதல் தோட்டாவுக்காக அந்த எல்லையைத் தாண்டி அமுக்கும் மாகசின்களுக்கு இதே ஆறுதலைச் சொல்ல முடியாது. உங்களுடையது எந்த வகை என்பதை நிரப்பி வைத்த ஒரு மாதத்துக்குப் பிறகு கீழ் முனைச் சோதனையைத் திரும்பச் செய்தால்தான் அறியலாம்.

பேஸ் பிளேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை நான் வாங்கிய ஒரு நீள மாகசினைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஏழாவதோ எட்டாவதோ சுட்டதும் கையில் ஏதோ இலகுவானது போல இருந்தது. குனிந்து பார்த்தால் பூட்ஸ் மேல் தோட்டாக்கள் உருண்டுகொண்டிருந்தன. ஸ்பிரிங் அடுத்த தடுப்புக்கு அப்பால் போய் விழுந்திருந்தது. அடிமூடியைப் பிடித்து வைக்கும் உள்தகட்டின் குமிழ் ஒரு பக்கம் தேய்ந்து, பின்வாங்கும் அதிர்ச்சியில் மூடி முன்னால் நழுவிவிட்டது. சேம்பரில் ஒன்று இருந்தது, மாகசினில் எதுவும் இல்லை. வீட்டில் நள்ளிரவில் அது நடந்திருந்தால் என்ன என்று அன்று யோசித்தது இன்றும் மறக்கவில்லை. அதிலிருந்து நீள மாகசின் எதுவானாலும் மருந்து இல்லாத டம்மி தோட்டா நிரப்பி, இடுப்பு உயரத்திலிருந்து அடிப்பக்கமாகச் சிமெண்ட் தரையில் நான்கைந்து தடவை போட்டுப் பார்க்கிறேன். மூடி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உயிர்த் தோட்டாவோடு இதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்து மாகசின் தேறினால், வீட்டில் வைக்கப்போகும் தோட்டாவிலும் இரண்டு முழு மாகசின் சுட வேண்டும். பாதுகாப்புக்கான ஹாலோ பாயின்ட் தோட்டாவின் மூக்கு தட்டையாகவும் குழியாகவும் இருக்கும். உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கி ஏறும் இடத்தில் இது மாட்டலாம். தோட்டா ஒன்றுக்கு ஒரு டாலர் பக்கம் ஆகும். ஆக மொத்தம் 110 டாலர், அதுவும் ஒரு மாகசினுக்கு. இங்கேதான் என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். க்ளாக் 17-க்கு அதே கம்பெனி செய்யும் 17 தோட்டா மாகசின் உங்கள் 19-இலும் போகும், கீழே கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் மேலே வேண்டுமென்றால் 24, 33 தோட்டா பிடிக்கும் கம்பெனி மாகசின்களும் உண்டு. பெரிய மாகசினைச் சின்னப் பிடியில் போடும்போது, ஸ்லைடு திறந்திருக்கும் நிலையில் ஓங்கி அடித்துத் தள்ள வேண்டாம். அடிமூடி பிடியில் முட்டி நிற்கும் தடுப்பு இல்லாததால் மேலே ஏறி, உள்ளே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரைத் தட்டலாம். மற்றபடி, தலைமாட்டில் வைப்பது கம்பெனி மாகசினாக இருக்கட்டும், மற்றவர்களின் நீள மாகசினைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான தோட்டா பிசகாமல் ஓடியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நல்லதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு, கம்பெனி மாகசின் மூன்று வாங்கும் விலை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. இரண்டு மாகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் 1, 2 என்று எழுதுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, தடங்கல் வரும் ஒவ்வொரு முறையும் எந்த மாகசின், எத்தனையாவது தோட்டா, எந்த வகைத் தடங்கல் என்று குறியுங்கள். மாகசினின் பின்பக்கத்தில் எண்ணிட்ட துளைகள் இருந்தால், சிக்கியதும் அதைக் கழற்றி எத்தனை மீதி என்று பார்த்தாலே கணக்கு வந்துவிடும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, அந்தத் தாளில் இருப்பதை இங்கே எழுதுங்கள். மூக்குக் குத்தல் 1, 2, 3-இல் என்றால் ஸ்பிரிங் விறைப்பையும் விளிம்பையும் பார்ப்போம்; 18, 19, 20-இல் என்றால் திருப்பிக் கொடுக்கும் ரசீது இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.